ஏழாம் இலக்கப் படம்

படத்தில் நான் இருக்கிறேனாம்,
தர்சிகா போன் எடுத்துச் சொன்னாள்.
சனிக்கிழமை அரைநாள் வேலை.
முகம் கழுவிக்கொண்டு அப்படியே போனேன்.
கிளிநொச்சியில், நூலக மேல்மாடி.
மின்விசிறி இரண்டில் ஒன்று சுற்றவில்லை.

ஏழாம் இலக்கம்.
ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவு.
நான் முழந்தாளில் இருக்கிறேன்.
தலையைச் சுற்றி மஞ்சள் வட்டம்.
வெடி தாங்கும் கவசத்துக்கு
மாதாவின் சால்வை நீலம், மடிப்பு மடிப்பாக.
பக்கத்தில் உடைந்த சிலம்பொன்று,
அது கண்ணகிக்காம்.
உள்ளங்கையில் மிதிவெடி,
நற்கருணை அப்பம் போல்
வெள்ளையாய், வட்டமாய்.

பாதர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.
"தியாகம்" என்றார்.
கோயில் தலைவர் செல்வச்சந்திரன்
சிலம்பைச் சுட்டி "அறம்" என்றார்.
பல்கலைக்கழகத்து மிஸ் ஒருவர்
"மண்ணின் காயம்" என்று
கொப்பியில் எழுதிக்கொண்டு எட்டாம் படத்துக்குப் போனார்.
எல்லாரும் எடுத்தது போக
எனக்கு மிஞ்சியது ஒரு முழந்தாள்.
மூன்று வருடமாய்
மடக்கினால் நோகிற இடது முழந்தாள்.

எனக்குப் படம் தெரியாது.
தடி தெரியும்.

ஒலுமடுவுக்கு அங்கால்
பாலைமர நிழல் முடிகிற இடத்தில்
காலை ஆறரைக்குத் தொடங்குவோம்.
ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற நிலம்.
சில நாள் அதுவும் இல்லை.
ஆணி வரும், சோடா மூடி வரும்.
ஒருமுறை கொலுசு வந்தது,
சின்னது, திருகாணி கழன்றது.
பையில் போட்டு இலக்கம் எழுதிக் கொடுத்தோம்.
அது எதற்கும் அடையாளம் இல்லை.
யாரோ ஒருத்தியின் கொலுசு.

தலை சிவந்த தடி: இன்னும் பார்க்காத நிலம்.
தலை வெளுத்த தடி: பார்த்து முடித்தது.
சிவப்பு முகத்துக்கு நேரே,
வெள்ளை முதுகுக்குப் பின்னால்.
மாற்றி ஊன்றினால்
அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்,
வீடு போகக் கால் இருந்தால்.

படத்தில் வெள்ளை எனக்கு முன்னால்.

"தம்பி, தடி மாறிப்போச்சு."
டிலுக்சன் சிரித்தான்.
"அக்கா, அது குறியீடு.
துன்பம் கடந்துபோச்சு, முன்னால விடிவு."
"முன்னால விடிவெண்டு நினைச்ச வதனிக்கு
இப்ப வலக்கையில ரெண்டு விரல்.
முன்னால எப்பவும் சிவப்புத்தான்.
வெள்ளை, பிறகு வாறவைக்கு.
மாடு வரும்,
மாட்டைத் தேடி ஒரு பொடியன் வருவான்.
அவன் ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது."

கனநேரம் பேசாமல் நின்றான்.
"அப்ப அந்த வட்டம்?"
"அது கிடக்கட்டும். முகமறைப்பில வெயில் பட்டா
அப்பிடித்தான் இருக்கும்.
முன்னுக்கு ஒண்டும் தெரியாது."

சனம் போன பிறகு
சின்னத் தூரிகையோடு வந்தான்.
முந்தாநாள் இரவு முடித்த படம்,
எண்ணெய் இன்னும் காயவில்லை.
வெள்ளையின் மேல் சிவப்பு உடனே பிடித்தது.
சிவப்பின் மேல் வெள்ளை பிடிக்கவில்லை.
றோஸ் ஆனது.
துடைத்தான், பூசினான்,
திரும்பவும் றோஸ்.
"காஞ்சாத்தான் அக்கா ஏறும்.
கண்காட்சி நாளைக்கு முடியுது."
விலைச்சீட்டில் கொழும்புக்காரர் ஒருவரின் பெயர்
ஏற்கெனவே ஒட்டியிருந்தது.
அவர் வீட்டுச் சுவரில்
அந்தத் தடிக்கு என்ன பொருள் சொல்வார்களோ.

திங்கட்கிழமை.
சாக்கை நாலாய் மடித்து
இடது முழந்தாளுக்குக் கீழே வைத்தேன்.
வழக்கமாய்ப் பார்ப்பதில்லை,
அன்றைக்கு ஒருக்கால் திரும்பினேன்.
பின்னால் நாங்கள் ஊன்றிவந்த வரிசை முழுக்கச்
செம்மண் படிந்து
றோஸ், றோஸ், றோஸ்.
வெள்ளை ஒன்றுகூட இல்லை.

தண்ணீர்ப் போத்தலோடு எழும்பிப் போய்
ஒவ்வொரு தலையாய்க் கழுவினேன்.
பாதிப் போத்தல் முடிந்தது.
பத்தரைக்குத்தான் தேத்தண்ணி.